சுவர் நனைந்தால் சமைத்தவள் குற்றமா?

"பிள்ளை இப்ப என்ன செய்யிறீர்?"

லண்டனில் தமிழர் கலியாண மண்டபங்களில் இந்தக் கேள்விக்கு மூன்று விடைகள்தான் செல்லுபடியாகும். வைத்தியம், எஞ்சினியரிங், அக்கவுண்டன்சி. "வேலை செய்துகொண்டு படிக்கிறன்" என்று நான் சொன்னதும் கேட்டவரின் முகத்தில் ஒரு அனுதாபம் வந்துவிடும். "ஏன், யூனிவர்சிற்றி கிடைக்கேல்லையோ?" கிடைத்தது, இதுவும் யூனிவர்சிற்றிதான், பட்டமும் வரும், சம்பளமும் வரும், கடன் வராது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் அம்மாவின் பக்கம் திரும்பிவிடுவார். "அப்ப பொம்பிளைப் பிள்ளையை ஏணியில ஏத்தி விட்டிருக்கிறியள்."

ஏணியில் ஏறுகிறேன்தான். கூரைக்கும் போகிறேன், தரைப்பலகைக்குக் கீழேயும் தவழ்கிறேன். ஆனால் இந்தக் கட்டுரை ஏணியைப் பற்றியதல்ல. ஏணியிலிருந்து இறங்கி வந்தபின் எழுதப்படும் அறிக்கையைப் பற்றியது. அதில் ஒரு வசனம் இருக்கிறது. அந்த வசனத்தோடுதான் எனக்குச் சண்டை. அதை நானும் ஒரு தடவை எழுதியிருக்கிறேன் என்பதால் இந்தச் சண்டையில் எனக்கும் அடி விழும்.

முதலில் இந்தப் படிப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சஞ்சிகைகளிலோ சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளிலோ யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஊரில் சேவேயர் என்றால் காணி அளக்கிறவர், எல்லைக்கல் போடுகிறவர். இங்கே கட்டட அளவையாளர் என்பவர் வேறு. நின்றுகொண்டிருக்கும் ஒரு கட்டடத்தில் என்ன கோளாறு, அது ஏன் வந்தது, எப்படித் திருத்துவது, எவ்வளவு முடியும், யாருடைய பொறுப்பு என்று பார்த்து எழுதித் தருகிறவர். வெடித்த சுவர், ஒழுகும் கூரை, உக்கிய மரம், 1999இல் தடை செய்யப்படும்வரை கட்டடங்களுக்குள் போய்ச் சேர்ந்த அஸ்பெஸ்ரஸ், தீப்பிடித்தால் சனம் வெளியே ஓட வழி இருக்கிறதா என்பது எல்லாம் இந்த வேலைக்குள் வரும். கிரென்பெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14இல் 72 பேரின் சாவுக்குக் காரணமான தீக்குப் பிறகு, ஒரு கட்டடத்தின் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருப்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று இந்த நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இங்கிலாந்தில் 2015இலிருந்து பட்டப்படிப்புத் தொழிற்பயிலுநர் திட்டம் இருக்கிறது. ஒரு நிறுவனம் உங்களை வேலைக்கு எடுக்கும். வழமையாக வாரத்தில் நான்கு நாள் வேலை, ஒரு நாள் பல்கலைக்கழகம். ஐந்து வருடமளவில் முடியும். படிப்புச் செலவு உங்களுடையதல்ல. 2017 ஏப்ரலிலிருந்து, வருடச் சம்பளக் கணக்கு 30 இலட்சம் பவுணுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் அதில் 0.5 வீதத்தைத் தொழிற்பயிற்சி வரியாகக் கட்டுகின்றன. அந்த வரியிலிருந்தும் அரசிடமிருந்தும் பணம் போகிறது. உங்களோடு பாடசாலையில் படித்தவர் முழுநேர மாணவராகப் போனால் 2025-26இல் ஒரு வருடக் கட்டணம் 9,535 பவுண்வரை வரும். வாழ்க்கைச் செலவுக் கடன் வேறு. கடைசியில் உங்களுக்குக் கிடைப்பது பட்டம் மட்டுமல்ல. 3,000 சொற்களில் நீங்களே செய்த ஒரு வேலையைப் பற்றி எழுதி, ஒரு மணித்தியாலம் நேர்முகத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தேறினால், பட்டய அளவையாளர் என்று கையெழுத்து வைக்கும் உரிமையும் வரும்.

பெற்றோர் கொண்டாட வேண்டிய திட்டம் இது. ஆனாலும் எங்கள் வீடுகளில் இது "படிக்க மாட்டாத பிள்ளைகளுக்கு". ஏன்?

இதற்கு நாங்கள் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கை அழுக்காகும் வேலை எங்களுக்கு இழிவு. அந்த இழிவை நாங்கள் லண்டனில் கற்றுக்கொள்ளவில்லை, கொண்டுவந்தோம். அம்மம்மாவின் கல்வீட்டைக் கட்டிய மேசன்மாருக்கு வெளித்திண்ணையில், வேறு பேணியில்தான் தேத்தண்ணி கொடுத்ததாம். அம்மம்மா அதை வெட்கமில்லாமல் சொன்னார். நான் கேட்டபோது, "அப்ப அப்பிடித்தான், பிள்ளை" என்றார். மண் குழைத்த பெண்களுக்கு என்ன பேணி என்று கேட்டேன். அவருக்கு அந்தப் பெண்களின் ஞாபகமே இல்லை. வீடு கட்டும் அறிவு யாருடைய கையில் இருந்ததோ அவர்களை வீட்டுக்குள் விடாத சமூகம், அந்த அறிவைப் பல்கலைக்கழகம் பட்டமாகத் தருகிறது என்றாலும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். சாதி இல்லையென்று சொல்லிக்கொள்ளும் லண்டனில் அது "ஸ்ரேற்றஸ்" என்ற பெயரில் உலாவுகிறது. ஆண்பிள்ளை இந்த வேலைக்குப் போனால் ஸ்ரேற்றஸ் குறையும். பெண்பிள்ளை போனால் ஸ்ரேற்றசோடு சேர்த்து அவளுடைய "பேரும்" குறையும். ஆண்களோடு வானில் போகிறாள், ஆளில்லா வீட்டுக்குள் நுழைகிறாள், சேறு பூசிய சப்பாத்தோடு பஸ்ஸில் வருகிறாள்.

வேலை செய்துகொண்டே படிப்பதை இழிவென்று சொல்வதற்கு எங்களில் யாருக்கு வாய் இருக்கிறது? பெற்றோல் நிலையத்தில் இரவு முழுக்கக் கல்லாவில் நின்றுவிட்டுக் காலையில் ஆங்கில வகுப்புக்குப் போன தலைமுறையின் பிள்ளைகள் நாங்கள். அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துவிட்டு வந்து எங்களுக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தந்த அம்மாமாரின் பிள்ளைகள். அவர்கள் வேலையிலிருந்து கற்றதற்கு ஒருவரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. எனக்குக் கொடுக்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி அந்த வசனத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் வருடம். கிழக்கு லண்டனில் அறுபதுகளில் கட்டிய கொங்கிறீற் தொடர்மாடி, நான்காம் மாடி. பூஞ்சண முறைப்பாடு. எனக்கு மேலே இருந்த அளவையாளரோடு போனேன். கதவைத் திறந்தவர் ஒரு தமிழ் அன்ரி. நான் தமிழ் என்று தெரிந்ததும் அவருடைய முகம் மலரவில்லை. சுருங்கியது. தமிழ்ப் பிள்ளை முன்னால் இந்தச் சுவரைக் காட்ட வேண்டியிருக்கிறதே என்ற வெட்கம். படுக்கையறை மூலையில் கூரையிலிருந்து இடுப்பு உயரம்வரை கறுப்பு. அதற்குக் கீழே ஒரு சின்னப்பிள்ளையின் கட்டில்.

"நான் சமைக்கிறதாலதானாம், பிள்ளை" என்றார். "முந்தி வந்தவையும் அப்பிடித்தான் எழுதிப்போட்டுப் போனவை. அதுக்குப் பிறகு பருப்பைக்கூட மூடி வைச்சுத்தான் அவிக்கிறன். உடுப்பு லோண்டரியில குடுக்கிறன், காசு கட்டுதில்லை. யன்னலைத் திறந்து விட்டால் சின்னவனுக்கு இழுக்குது."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மனிசனும் அதைத்தான் சொல்லுறார். பேப்பரிலயே இருக்குதாம்."

அந்தப் பேப்பரை வாங்கிப் பார்த்தேன். இருந்தது. நீராவி ஒடுங்குவதால் வந்த ஈரம், குடியிருப்போரின் வாழ்க்கை முறையோடு தொடர்புடையது, சமைக்கும்போதும் உடுப்புக் காயப்போடும்போதும் யன்னலைத் திறக்குமாறு அறிவுறுத்தப்பட்டது.

"குடியிருப்போர்" என்ற சொல்லுக்குப் பால் இல்லை. ஆனால் அந்த வீட்டில் சமைப்பது யார், தோய்ப்பது யார், பிள்ளைகளைக் குளிக்க வார்ப்பது யார்? அறிக்கை ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லாமலேயே அவளைக் குற்றவாளி ஆக்குகிறது. கடிதம் நிறுவனத்திலிருந்து வீட்டுக்கு வருகிறது. வீட்டுக்குள் அது புருஷன் கையில் சாட்சியாகிறது. பிள்ளைக்கு இழுப்பு வரும் ஒவ்வொரு இரவும் அந்தத் தாய் தன் குசினியை நினைத்துக் குற்ற உணர்வுப்படுகிறாள். ஒரு சுவருக்கு என்ன நோய் என்று கேட்கப் போன தொழில், ஒரு பெண்ணுக்குத் தண்டனை எழுதிவிட்டு வந்திருக்கிறது.

எனக்கு மேலே இருந்தவர் கெட்டவரல்ல. அன்று அவருக்கு ஏழு வீடு பார்க்க வேண்டும். ஈரமானியைச் சுவரில் குத்தினார், அது கத்தியது, குறித்துக்கொண்டார். அந்த மானி மரத்துக்கு அளவு திருத்தப்பட்டது, பூச்சுச் சுவரில் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது, சுவரில் உப்பு இருந்தாலும் கத்தும் என்று அதற்கு முதல் வாரம்தான் வகுப்பில் படித்திருந்தேன். வாரத்தில் ஒரு நாள் பல்கலைக்கழகம் போவதன் பயன் அன்று எனக்கு விளங்கியது. புத்தகத்தில் படித்தது நாலு நாள் கழித்துக் கையில் வந்து நிற்கிறது.

"குசினி விசிறியைப் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன். பார் என்றார். கயிற்றை இழுத்தால் விசிறி நல்ல சத்தத்தோடு சுற்றியது. ஒரு ரிசுக் கடதாசியை அதன் முகத்தில் பிடித்தேன். நல்ல விசிறி அதை இழுத்து ஒட்ட வைத்திருக்கும். இது விழுந்தது. கதிரையில் ஏறி மேற்தட்டைத் திறந்து வெளிச்சம் அடித்தால், விசிறியிலிருந்து வெளிச்சுவருக்குப் போக வேண்டிய குழாய் கழன்று மேற்தட்டுக்குள்ளேயே கிடந்தது. அந்த அன்ரி மூடி வைத்து அவித்த பருப்பின் ஆவியும் வெளியே போகவில்லை. வருடக்கணக்காக வீட்டுக்குள்ளேயே சுற்றியிருக்கிறது. குசினி விசிறி அடுப்புக்கு மேலே இருந்தால் வினாடிக்கு 30 லீற்றர், வேறு இடத்தில் இருந்தால் 60 லீற்றர் காற்றை வெளியேற்ற வேண்டும் என்று இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டி சொல்கிறது. அந்த விசிறி வெளியேற்றியது பூச்சியம்.

படுக்கையறை மூலைக்கும் சமையலுக்கும் அதைவிடத் தொடர்பு குறைவு. அந்த மாடியின் கொங்கிறீற் தட்டு சுவரைத் தாண்டி வெளியே நீண்டு பல்கனியாகிறது. குளிர் அந்தத் தட்டு வழியாகவே உள்ளே வருகிறது. அந்த மூலையின் வெப்பநிலையை அளந்தேன். அறையின் மற்றச் சுவர்களைவிட வெகுவாகக் குளிர். குளிர்ந்த இடத்தில் ஆவி ஒடுங்கும் என்பது ஊரில் ஆறாம் வகுப்பு விஞ்ஞானம். மூச்சு விட்டாலே போதும், அந்த மூலை நனையும். மனிதர் மூச்சு விடுவதை வாழ்க்கை முறை என்று எழுதுவீர்களா?

எழுதுகிறோம் என்பதுதான் பிரச்சினை. எங்கள் அறிக்கை மென்பொருளில் அது ஒரு தயார் வசனம். பட்டியலில் தெரிவு செய்து அழுத்தினால் தானாக வந்து விழும். முதலாம் வருடத்தில், மூன்று பிள்ளைகளோடு இருந்த ஒரு சோமாலியத் தாயின் வீட்டு அறிக்கையில் அதை அழுத்தியது நான். எனக்கு மேலே இருந்தவர் சொன்னார், நான் அழுத்தினேன். அந்த வீட்டு விசிறியை நான் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டும் என்றே எனக்கு அப்போது தெரியாது. தமிழ் அன்ரி வீட்டுக்குப் போய் வந்த அன்றிரவு அந்தத் தாயின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அடுத்த நாள் அந்தக் கோப்பைத் திரும்பத் திறக்கலாமா என்று கேட்டேன். மூடிய கோப்பு, வாடகைதாரர் திரும்ப முறைப்பாடு செய்தால் பார்க்கலாம் என்றார்கள். அவர் திரும்ப முறைப்பாடு செய்ய மாட்டார் என்று எனக்குத் தெரியும். உன் பிழைதான் என்று எழுதிக் கொடுத்தபின் யார் திரும்பக் கேட்பார்கள்?

இதை ஒரு பயிலுநரின் மனச்சாட்சிக் கதையாக மட்டும் வாசித்துவிட்டுப் போகாதீர்கள். 2020 டிசம்பரில் ரொச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுப் பிள்ளை, பூஞ்சணம் நிறைந்த வீட்டில் வாழ்ந்ததால் வந்த சுவாச நோயால் இறந்தான். சூடானிலிருந்து வந்த குடும்பம். தகப்பன் பல வருடமாக முறையிட்டிருந்தார். 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு வந்தபின், அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறை பற்றித் தாங்கள் ஊகித்துக்கொண்டது பிழை என்று வீட்டு நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதற்கு ஒரு வருடம் முன்பே, 2021 ஒக்ரோபரில், ஈரத்துக்கு வாழ்க்கை முறையைக் காரணம் காட்டுவதை நிறுத்துங்கள் என்று வீடமைப்புக் குறைகேள் அதிகாரி தனி அறிக்கையே வெளியிட்டிருந்தார். பிறகு அந்தப் பிள்ளையின் பெயரில் சட்டம் வந்தது. 2025 ஒக்ரோபர் 27 முதல் இங்கிலாந்தில் சமூக வீடுகளின் உரிமையாளர்கள் அவசர ஆபத்துகளை 24 மணித்தியாலத்துக்குள் கவனிக்க வேண்டும். பாரதூரமான ஈரமும் பூஞ்சணமும் என்றால் 10 வேலைநாளுக்குள் ஆராய வேண்டும், ஆபத்து உறுதியானால் அடுத்த 5 வேலைநாளுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும்.

சட்டம் நாளைக் கணக்கிடுகிறது. நல்லது. ஆனால் அந்தப் பத்து நாளுக்குள் வீட்டுக்குப் போகிறவர் விசிறியில் கடதாசி பிடித்துப் பார்ப்பாரா, பட்டியலில் தயார் வசனத்தை அழுத்துவாரா என்பதைச் சட்டம் செய்து தராது. அது போகிற ஆளில் தங்கியிருக்கிறது. அதனால்தான் யார் போகிறார்கள் என்பது எங்களுக்கு அரசியல் கேள்வி.

வசதியான வீடுகளுக்கும் நான் போகிறேன். அதே கறுப்பு மூலை, அதே ஒடுங்கல். அங்கே யாரும் சமையலைக் கேட்பதில்லை. அறிக்கையில் "வெப்பப் பாலம்", "வடிவமைப்புக் குறை" என்று வரும். வாங்கிய வீட்டில் கட்டடம் குற்றவாளி. வாடகைக் கவுன்சில் வீட்டில் கறுப்பு, மண்ணிறத் தாய் குற்றவாளி. பூஞ்சணத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

பெண்கள் இந்தத் தொழிலுக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. வந்த பெண் ஒருத்தி அந்த வசனத்தை அழுத்தியதை இப்போதுதான் சொன்னேன். ஆனால் வரலாறு ஒன்றைக் காட்டுகிறது. பிரித்தானிய அளவையாளர்களின் அமைப்பு 1868இல் தொடங்கியது. அரச பட்டயம் 1881இல் கிடைத்தது. பெண்களைத் தொழில்களிலிருந்து ஒதுக்குவதைத் தடுத்த 1919ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை கதவு மூடியே இருந்தது. 1922இல் ஐரீன் பார்க்லே முதல் பெண் பட்டய அளவையாளர் ஆனார். அவர் போன இடம் எது? பிரபுக்களின் தோட்ட மாளிகைகள் அல்ல. யூஸ்ரன் புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் சோமர்ஸ் ரவுணின் சேரிக் குடியிருப்புகள். வீடு வீடாகப் போய் ஈரத்தையும் மூட்டைப்பூச்சியையும் நெரிசலையும் பதிவு செய்தார். அந்த வேலை அங்கே பழைய வீடுகள் இடிக்கப்பட்டுப் புதிய வீடுகள் எழுவதற்கு ஆதாரமானது. தொழிலுக்குள் நுழைந்த முதல் பெண் தொழிலின் பார்வையை அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை, வேறு பக்கம் திருப்பினார். அந்த அமைப்புக்கு முதல் பெண் தலைவர் வந்தது 2014இல். தொடங்கி 146 வருடம் கழித்து. இன்றும் மிகப் பெரும்பான்மை ஆண்கள்தான்.

நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்களை வேலைக்கு எடுத்ததைப் படம் பிடித்துப் போடுவதில் அவர்களுக்குக் குறையில்லை. மஞ்சள் மேற்சட்டையும் தலைக்கவசமும் போட்ட மண்ணிறப் பெண் என்றால் விளம்பரத்துக்கு அப்படியொரு மதிப்பு. படத்தில் தெரியாதது, அந்த மேற்சட்டை என் முழங்காலைத் தொடுகிறது என்பதும், கையுறைக்குள் என் விரல்கள் தேடிக்கொண்டிருக்கின்றன என்பதும். ஆணுடம்புக்கு அளவெடுத்த பாதுகாப்புச் சாமான் பெண்ணுடம்பில் பாதுகாப்பு இல்லை. தொளதொளத்த கை ஏணிப்படியில் மாட்டும். வேலைத்தளத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி மலகூடம், அல்லது உள்ளே பூட்டக்கூடிய தனியறை இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டுக் கட்டுமான விதிகள் சொல்கின்றன. ஆனாலும் மாதவிடாய் நாட்களில் காலையிலேயே தண்ணீர் குடிக்காமல் வேலைத்தளத்துக்குப் போகும் பெண்களை எனக்குத் தெரியும். நானும் போயிருக்கிறேன். திறப்பு யாரிடம் என்று பத்து ஆண்கள் முன்னால் கேட்க வேண்டியிருந்தால், பூட்டக்கூடிய கதவு இருந்தென்ன?

கூட்டக் குறிப்பு எழுதுவது யார்? நான்கு பயிலுநர் இருந்தோம், மூன்று பெடியள், நான். "உன்ர கையெழுத்து வடிவு" என்று குறிப்பு என்னிடம் வந்தது. மடிகணினியில் எழுதும் காலத்தில் கையெழுத்து. ஆறு மாதம் நான் குறிப்பெடுத்தபோது பெடியள் கூரைக்குப் போனார்கள். கடைசி நேர்முகத்தில் என்னிடம் கேட்கப்போவது கூரையைப் பற்றி. கூட்டக் குறிப்பைப் பற்றியல்ல. வேலையிலிருந்து கற்கும் படிப்பில் எந்த வேலை உனக்குத் தரப்படுகிறது என்பதே உன் பாடத்திட்டம். பெண்ணுக்கு மேசை வேலையும் ஆணுக்குக் கட்டட வேலையும் பங்கிட்டால், ஒரே பட்டத்துக்கு இரண்டு விதமான கல்வி நடக்கிறது.

ஆகவே இதை வாசிக்கும் தங்கச்சிமாருக்குச் சில நடைமுறை வார்த்தைகள்.

போங்கள். தயங்காமல் விண்ணப்பியுங்கள். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போங்கள். சம்பளத்தை முதலிலேயே கேளுங்கள். பயிலுநருக்கான சட்டக் குறைந்தபட்சம் 2025 ஏப்ரலில் மணிக்கு 7.55 பவுண். 19 வயதுக்குக் கீழே உள்ளவருக்கும் முதலாம் வருடத்தில் இருப்பவருக்கும் அதைக் கொடுத்தால் போதும். அதில் லண்டனில் வீட்டு வாடகை கட்ட முடியாது. பெற்றோர் வீட்டில் இருக்க முடியாத பெண்ணுக்கு, அந்த வீடே பிரச்சினையாக இருக்கும் பெண்ணுக்கு, இந்தக் கதவு பாதிதான் திறக்கிறது. அதற்கு மேலே தரும் நிறுவனங்கள் இருக்கின்றன, தேடுங்கள். பயிற்சி ஒப்பந்தத்தையும் பயிற்சித் திட்டத்தையும் வரிவரியாக வாசியுங்கள். படிப்புக்கான நேரம் சம்பளத்தோடு, வேலை நேரத்துக்குள் தரப்பட வேண்டியது. "இந்த வியாழன் மட்டும் வா" என்று கேட்டால், எந்த நாளில் ஈடு செய்வீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். என்னென்ன வேலை பழகினீர்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருங்கள், பக்கத்தில் உள்ள பெடியனுடைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறிப்பெடுக்கும் முறை சுழற்சியில் வரட்டும். உங்கள் அளவில் பாதுகாப்புச் சாமான் கேட்பது சலுகை கேட்பதல்ல. தொழிற்சங்கத்தில் சேருங்கள். கர்ப்பமானால் படிப்பை இடைநிறுத்தித் திரும்ப வந்து தொடர வழி இருக்கிறது. அதோடு எல்லாம் முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அம்மாமாரே, உங்களுக்கும். ஏணியில் ஏற்றிவிட்டீர்களே என்று கேட்பவரிடம் சிரித்து மழுப்பாதீர்கள். என் அம்மா முதல் இரண்டு வருடம் மழுப்பினார். "அவள் ஒஃபிஸிலதான்" என்று சொல்லி வைத்திருந்தார். மூன்றாம் வருடம் எங்கள் குளியலறைக் கூரையில் ஈரம் வந்தபோது, வந்த திருத்தக்காரன் குளித்துவிட்டு யன்னலைத் திறங்கள் என்றான். அம்மா என்னைக் கூப்பிட்டார். நான் மேலே ஏறிப் பார்த்தேன், பீலி அடைத்து மழைத்தண்ணி சுவருக்குள் இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு அம்மா மண்டபங்களில் சொல்வது: "என்ர மகள் சேவேயர். எங்கட வீட்டுச் சுவர் ஏன் நனையுதெண்டு அவளைக் கேளுங்கோ."

இப்போது பெண்கள் கேட்கிறார்கள். கோயிலில், கடையில், பிறந்தநாள் வீடுகளில். கைபேசியில் கறுப்பு மூலைகளின் படத்தைக் காட்டுகிறார்கள். எல்லோரும் முதலில் சொல்வது ஒரே வசனத்தை: நான் சமைக்கிறதாலதானாம். நான் முதலில் கேட்பதும் ஒன்றைத்தான். உங்கள் குசினி விசிறியில் ஒரு ரிசுக் கடதாசியைப் பிடித்துப் பாருங்கள், ஒட்டுதா, விழுதா? விழுந்தால் படம் எடுங்கள், திகதியோடு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், சட்டத்தின் பெயரையும் சொல்லுங்கள்.

அந்த அன்ரி வீட்டு அறிக்கையில் கடைசியில் என்ன எழுதினோம் என்று சொல்லாமல் முடிக்க எனக்கு விருப்பமில்லை. வானில் இருந்துகொண்டு எனக்கு மேலே இருந்தவர் தயார் வசனத்தைத் தெரிவு செய்தார். "அது உண்மையில்லை" என்றேன். என் குரல் நடுங்கியது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு மடிகணினியை என் பக்கம் தள்ளி, அப்ப நீயே எழுது என்றார். விசிறிக் குழாய் கழன்றிருக்கிறது, பல்கனித் தட்டு வழியாகக் குளிர் வருகிறது, அந்த மூலைக்கு உட்பக்கக் காப்புப் போட வேண்டும், இவை உரிமையாளரின் பொறுப்பு என்று எழுதினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன். குடியிருப்போரின் சமையலோ உடுப்புத் தோய்ப்போ இந்த ஈரத்துக்குக் காரணமல்ல.

அந்த வரி தேவையா என்று அவர் கேட்டார். அந்த வீட்டில் இந்தப் பேப்பரை வாசிக்கப் போகிறவர்கள் இரண்டு பேர் என்று சொன்னேன். அவர் அழிக்கவில்லை.

அந்தச் சோமாலியத் தாயின் கோப்பு இன்னும் மூடியே இருக்கிறது. கையெழுத்து வைக்கும் உரிமை எனக்கு வரும் நாளில் முதலில் திறக்கக் கேட்கப்போவது அதைத்தான்.